இடது கை எண்ணிக்கை

அப்பாவின் கண்ணாடியை அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக இறுக்கிக்கொண்டிருந்தாள் கால்பவர். கண்ணாடியில் கோளாறு ஒன்றும் இல்லை. முகம்தான் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை காதுக்குச் சரியாக உட்கார்ந்த ஃபிரேம் வியாழக்கிழமை மூக்கு நுனியில் தொங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடுகுக்கும் சிறிய திருகாணியைக் கால் சுற்று திருகினாள்.

"கழட்டி வச்சிட்டுத் தூங்கலாம்லப்பா?"

"கண்ணாடி இல்லாமப் போய்ச் சேர்ந்தா, பார்க்க வர்றவன் என்ன சொல்லுவான்? தன் கடைச் சரக்கத் தானே நம்பலன்னு சொல்ல மாட்டான்?" என்றார் அப்பா. இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று தவணை மூச்சு தேவைப்பட்டது.

அது லேசாகப் பழுப்பேற்றிய கண்ணாடி. இரண்டு வருஷத்துக்கு முன் கண் ஆபரேஷன் ஆனபோது, வெளிச்சம் கூசுகிறது என்று தனக்குத் தானே போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து குளிக்கும்போது தவிர அவர் அதைக் கழற்றியதில்லை.

"வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கலாம்" என்று டாக்டர் சொல்லி ஆறு நாளாகியிருந்தது. அப்போது அண்ணன் முகமெல்லாம் மலர்ந்து இரண்டு முறை நன்றி சொன்னான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் அவனுக்கு அர்த்தம் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு கம்பெனியில் மற்றவர்கள் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பது அவன் வேலை.

கால்பவர் என்பது அப்பா வைத்த பெயர். லென்ஸின் பவர் கால் காலாகத்தான் ஏறும். அதற்குக் குறைந்து கிடையாது. குறை மாதத்தில் பிறந்த மகளைக் கையில் வாங்கியபோது அவருக்கு அந்த அளவுதான் தோன்றியிருக்கிறது. முப்பத்தாறு வயதாகியும் அவள் ஏறவே இல்லை. படிப்பு முடிந்த மறுநாள் கடைக்கு வந்தவள், பதினாலு வருஷமாக லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கும் எழுத்துப் பலகைக்கும் நடுவில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சு வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதனால் மாலில் ஓர் இடம். இரண்டாம் தளம், நகரும் படிக்கட்டு போய் முடிகிற இடம், கடை எண் இருநூற்றுப் பதினாலு. லீஸ் எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா என்பதுதான் கேள்வி. லீஸ் என்றால் ஒன்பது வருஷம் மாலுக்காக உழைக்க வேண்டும். ஆனால் வீடு மிஞ்சும். வாங்குவதென்றால் கடை மிஞ்சும். வீட்டை விற்க வேண்டும். அந்த முன்னறையை, அந்தக் கட்டிலைச் சுற்றிய நாலு சுவரை, எல்லாவற்றையும்.

இந்த விவாதம் ஆறு நாளும் அப்பாவின் கட்டிலைச் சுற்றியே நடந்தது. வேறு அறையில் நடத்தியிருக்கலாம். ஆனால் உருப்படியான பிளக் பாயிண்ட் முன்னறையில்தான் இருந்தது. ஆக்சிஜன் மெஷினும் அண்ணனின் லேப்டாப்பும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கலாம் என்பது மட்டும்தான் அந்த வாரத்தில் குடும்பம் ஒருமனதாக எடுத்த முடிவு.

"லீஸ்தான் புத்திசாலித்தனம்" என்பான் அண்ணன், லேப்டாப்பை அப்பாவின் கால் பக்கம் வைத்துக்கொண்டு. "நாளைக்கே வியாபாரம் படுத்துருச்சுன்னா?"

"படுத்திருக்கறது நான்தான்டா. வியாபாரம் இல்ல" என்பார் அப்பா. "ரெண்டு வருஷமா எண்ணியிருக்கேன். இவன் ரெண்டு நாளா கட்டம் போட்டுட்டு வந்து பேசறான்."

எண்ணியது உண்மை. தினமும் மதியம் மூன்று மணிக்குக் கடையைக் கால்பவரிடம் விட்டுவிட்டு மாலுக்குப் போவார். இருநூற்றுப் பதினாலுக்கு எதிரே ஒரு பெஞ்சு. பேன்ட் பாக்கெட்டுக்கு ஒன்றாக இரண்டு எண்ணும் கருவிகள். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும் இரும்பு உருண்டைகள். கண்ணாடி போட்டவர் கடந்து போனால் வலது கை. கண்ணாடி இல்லாமல், கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு போனால் இடது கை. வலது கைக்கு இப்போதைய வாடிக்கை என்று பெயர். இடது கைக்கு வருங்காலம். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து நோட்டில் எழுதுவார். இடது கை எப்போதும் நாலு மடங்கு.

"உலகத்துல முக்காவாசிப் பேரு கண்ணு தெரியாமத்தான் திரியறான், கால்பவரு. ஒருத்தனுக்கும் அது தெரியல" என்பார், மிகவும் சந்தோஷமாக.

அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீடு அம்மா பெயரில் இருந்தது. ஆனாலும் அம்மாவிடம் ஒரு கருத்து இருக்கும் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. அம்மாவும் அவர்களை அந்த விஷயத்தில் சிரமப்படுத்தியதில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு போவாள், நிரப்பிக்கொண்டு வருவாள்.

புதன்கிழமை சாயங்காலம் லீஸ் என்று முடிவாயிற்று. அப்பா ஆச்சரியமாகச் சண்டை போடவில்லை. "சரி, உங்க இஷ்டம்" என்று கூரையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அண்ணன் சம்மதமாகவும் கால்பவர் பலவீனமாகவும் எடுத்துக்கொண்டார்கள். கடைசித் தேதி வியாழக்கிழமை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும்.

திருகாணியை இறுக்கி, கண்ணாடியைத் துடைத்து, மாட்டிவிட்டாள்.

"போறதுதான் போற, மூணு மணிக்கே போ" என்றார் அப்பா. "என் ரெண்டையும் எடுத்துட்டுப் போ. பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காரு. எண்ணிப் பாரு. அதுக்கப்புறம் ஆபீசுக்குப் போ."

"எதுக்குப்பா? அதான் முடிவாயிருச்சே."

"நீ ஒரு நாளும் எண்ணினதில்லைல்ல?"

உண்மைதான். அவர் எண்ணுகிற நேரத்தில் கடையை யார் பார்ப்பது? இடம் பார்க்க அவர்கள் மூவரும் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

பெஞ்சில் உட்கார்ந்தபோது மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. இருநூற்றுப் பதினாலின் ஷட்டர் இறங்கியிருந்தது. அதன்மேல் ஒட்டிய படத்தில் ஒரு குடும்பம், எதையும் வாங்காமலே மிகுந்த ஆனந்தத்தில் இருந்தது. கால்பவர் இரண்டு கருவிகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கைக்கொன்றாகப் பிடித்தாள். வயதுக்குத் தகாத ஒரு காரியம் செய்வதுபோல் வெட்கமாக இருந்தது.

மூன்று அடித்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு கல்லூரிப் பெண். படிக்கட்டின் மேல் முனைக்கு வந்ததும் கண்ணைச் சுருக்கினாள். இடது கை. பின்னால் ஓர் இளைஞன்; அவனும் சுருக்கினான். இடது கை. இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்து, பேச்சை நிறுத்தாமல், ஒரே சமயத்தில் சுருக்கினார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. இருபது நிமிஷத்தில் நாற்பது தாண்டியது. பாவம் இத்தனை ஜனமும் என்று அவளுக்கே இருந்தது. யாருக்கு எவ்வளவு பவர் இருக்கும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். ஒண்ணு. ஒண்ணேகால். இவனுக்கு ரெண்டுக்குக் குறையாது. லீஸ் என்று தலையாட்டியது தப்போ, வாங்கிவிடுவதுதான் சரியோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்புறம் ஒருத்தி கைக்குழந்தையோடு மேலே வந்தாள். அவள் கண்ணைச் சுருக்கினாள். குழந்தையும் சுருக்கியது.

கட்டைவிரல் இரண்டு முறை அழுத்திவிட்டு நின்றது. ஆறு மாதக் குழந்தை எந்தப் போர்டைப் படிக்கப்போகிறது?

கால்பவர் எழுந்து படிக்கட்டு முனைக்குப் போய் நின்றாள். திரும்பினாள். மாலின் கூரை முழுக்கக் கண்ணாடி. அதன் இரும்புச் சட்டத்தைத் தாண்டி இறங்கிய வெயில், எதிரே இருந்த நகைக்கடையின் பளபளத்த தூணில் பட்டு, நேராக அவள் முகத்தில் வந்து அறைந்தது. பெஞ்சுக்கு அது முதுகுப் பக்கம். கண் தானாக மூடிக்கொண்டது. பத்து எட்டு தள்ளிப் போனாள். அங்கே கடந்து போன அத்தனை முகமும் விரிந்து, கண் பெரிதாகி, தெளிவாக இருந்தது. ஒருவருக்குக்கூட ஒரு கோளாறும் இல்லை.

தூண் ஓரமாக நின்ற காவலாளியிடம் கேட்டாள். "இது தினமும் இப்படித்தானா?"

"மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மேடம். அந்த எடத்துல எவனும் நிக்க மாட்டான். ஒரே ஒரு பெரியவர் மட்டும் அந்தப் பெஞ்சுக்கு வருவாரு. ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நாங்க அவருக்கு வத்தல்னு பேரு வச்சிருந்தோம். இப்ப கொஞ்ச நாளா காணோம்." சிரித்தான். "தெரிஞ்சவரா?"

"இந்தக் கடை?" என்றாள் அவள்.

"இதுவா? மூணு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. கடைசியா பொம்மைக் கடை. மூணே மாசத்துல கண்ணாடிக்குள்ள இருந்த கரடி எல்லாம் வெள்ளையாயிருச்சு. முன்னாடி கருப்பு மேடம் அது."

நகரும் படிக்கட்டில் மூன்றாம் தளத்துக்குப் போகும்போது கால்பவருக்கு உடம்பே லேசாக இருந்தது. லீஸும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். சந்தில் ஒரு சின்னக் கடை போதும். வடக்குப் பார்த்த கடை. வீடு இருக்கும். அம்மா இருப்பாள். இந்த எண்ணத்தின் ஆயுள் ஒரு தளம்.

லீஸ் மேனேஜரை வீட்டில் எல்லாரும் டை என்றுதான் சொல்வார்கள். அவர் அதை இறுக்கமாகக் கட்டியிருந்த விதம், வேறு யாரோ கட்டிவிட்டு ஓடிப்போனது மாதிரி இருக்கும்.

"எங்களுக்கு இடம் வேண்டாம் சார்" என்றாள் கால்பவர், உட்காருவதற்கு முன்பே.

டை அவளை மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பா எப்படி இருக்காரு மேடம்?"

"இருக்காரு. வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"எது வேண்டாம்?"

"ரெண்டும்தான். லீஸும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்."

டை எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். ஒரு கோப்பை எடுத்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, பக்கத்தைப் புரட்டினார். "சார் போன மாசமே வாங்கிட்டாரே மேடம். கடைசித் தேதின்னு உங்க அண்ணன் போன்ல ஏதோ சொன்னாரு, எனக்குப் புரியல. சாவி வாங்கிக்கத்தான் இன்னைக்குக் கடைசித் தேதி."

அப்பாவின் கையெழுத்து. அவர் எழுத்தே ஒரு மாதிரி, எழுத்துப் பலகையின் கடைசி வரிபோலப் பொடியாக இருக்கும். அதற்குக் கீழே, கடை விலைக்கு ஈடாக வீட்டை மாலுக்கே விற்கச் சம்மதம் என்ற வரிக்கு எதிரே, இன்னொரு கையெழுத்து. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளில் பார்த்தது. அம்மாவுடையது.

"கேன்சல் பண்ண முடியாதா?"

"ஏழு நாள் டைம் குடுத்திருந்தோம். அது போன மாசம் பதினாலாம் தேதியோட முடிஞ்சுது."

"அங்க வெயில் அடிக்குது சார். மூஞ்சிலயே அடிக்குது."

"இயற்கை வெளிச்சம் மேடம்" என்றார் டை. குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை மாலின் விளம்பரத் தாளில் அச்சடித்தது.

"மேல ஒரு திரை போட்டா?"

"கூரை எங்க அடையாளம். லோகோவே அதுதான்." டை சாவியை மேஜையில் வைத்து இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார். "வீட்டை மூணு மாசத்துல காலி பண்ணினாப் போதும். சார் கேட்டுக்கிட்டதால ஒரு மாசம் சேர்த்துக் குடுத்தோம். என் காலம் வரைக்குமாவது அங்க இருக்கணும்னாரு. நாங்க மனிதாபிமான அடிப்படையில ஒத்துக்கிட்டோம்."

அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "முடிச்சியா?"

"முடிஞ்சுது."

"ஒன்பது வருஷம்தானே? அதுக்கு மேல போடலியே?"

"ஒன்பது வருஷம்னு எங்கயும் போடல" என்றாள் அவள். அண்ணனுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது.

அப்பா விழித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி நேராக இருந்தது. மூச்சு மட்டும் எங்கேயோ மாட்டி மாட்டி வந்தது. அவள் குனிந்தாள்.

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"இடது கை?"

"நூத்தி நாப்பது" என்றாள் கால்பவர். கருவியில் நாற்பத்தெட்டு இருந்தது.

அப்பா அதை வாய்க்குள் போட்டு மென்றார். "வியாழக்கிழமை" என்றார். "வியாழன் கம்மியாத்தான் இருக்கும். அதுலயே பாரு." கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"மெதுவாச் சொல்லு. கட்டம் போட்டிருக்கான் பாவம்."

அடுக்களையில் அம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கால்பவர் சாவியைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள். குழாயை மூடவில்லை.

"ஏம்மா போட்ட?"

"கேட்டாரு. போட்டேன்."

"நாங்க ஆறு நாளா இங்க கத்திட்டிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் கடையப் பத்திச் சண்டை போடறது அவருக்குக் கேக்க நல்லா இருந்துச்சு. நீங்க நிறுத்தினாத்தான் தூங்கிப் போறாரு. அதான் சொல்லல."

"நீ எங்க போவ?"

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

வெயிலைப் பற்றி அவளிடம் கால்பவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்கால் மணிக்கு, பால் பாக்கெட்டை அண்ணன் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, போர்வைமேல் இருந்த அப்பாவின் இடது கைக் கட்டைவிரல் அசையத் தொடங்கியது. மடங்கி, நிமிர்ந்து, மடங்கி.

"நரம்பு இழுக்குது" என்றான் அண்ணன், பாக்கெட்டோடு ஓடி வந்து.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கொஞ்ச நேரம் வேகமாகப் போயிற்று, நல்ல கூட்டம்போல. பிறகு ஒவ்வொன்றாக. பிறகு ஒருவரும் வரவில்லை.

உடம்பைத் துடைத்து உடை மாற்றும்போது கண்ணாடியை அவள்தான் கழற்றினாள். கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தாள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க வழக்கம்போல பின்பக்க ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள். ஜன்னலில் காலை வெயில் சுள்ளென்று இருந்தது. கண்ணாடிக்குள்ளே அது இல்லை. அங்கே மஞ்சள் கலந்த ஒரு பழுப்பு, இதமாக, எப்போதும் சாயங்காலம்போல. பெஞ்சில் உட்கார்ந்து அவர் பார்த்த வெளிச்சம் இவ்வளவுதான். அவள் அதை ரொம்ப நேரம் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"போட்டு அனுப்பறதா, எடுத்துடறதா?" என்றான் அண்ணன். அவன் மூக்கு சிவந்திருந்தது.

"போட்டுத்தான்."

கண்ணாடி சரியாகவே உட்கார்ந்தது. இனிமேல் முகம் சிறுக்காது.

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் அப்பாவின் கடையில் போட்ட கண்ணாடி வழியாகத்தான் அவரைப் பார்த்தார்கள். "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டார்கள். நாலு மணி என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் கால்பவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, கண்ணைத் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றியவர், அதை அவளிடமே நீட்டினார்.

"அப்பா போட்டுக் குடுத்ததும்மா. பதினோரு வருஷம். தப்பா நினைக்காத, இந்தக் கை கொஞ்சம் லூசா இருக்கு."

அவள் உள்ளே போய் திருப்புளியை எடுத்துவந்து, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து இறுக்கிக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கழற்றினார்கள்.

அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தான். "லீஸ் பேப்பர் எங்க வச்ச? டை மாலை கொண்டாந்திருக்காரு. ஓனருக்கு எங்கள் அஞ்சலின்னு எழுதியிருக்கு. என்ன ஓனரு?"

"எடுக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

"இல்ல, என்ன ஓனரு?"

"அப்புறம்ணா."

நாலு மணிக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. ஆறு பேர் தூக்கினார்கள். கதவை இரண்டு பக்கமும் திறந்தார்கள். அந்த வீடு மேற்குப் பார்த்த வீடு என்பதை யாரும் அதுவரை யோசித்ததில்லை. வெயில் தெரு முழுக்க நிறைந்து, கதவு வழியாக உள்ளே வந்து, வெளியே போகிறவர்கள் அத்தனை பேர் முகத்திலும் அறைந்தது.

அண்ணன்தான் முன்னால் தூக்கிக்கொண்டு போனான். கண்ணைச் சுருக்கினான்.

கால்பவரின் இடது கை, நேற்று மாலுக்கு எடுத்துப்போய் இன்னும் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. விரல்கள் இரும்பு உருண்டையைத் தாமாகக் கண்டுபிடித்தன.

நாற்பத்தொன்பது. பின்னால் தூக்கியவர்கள் ஐந்து பேர். டை, மாலை வைத்த கையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவி. வண்டி டிரைவர். தெருவில் ஓரமாக நின்று வழிவிட்ட யாரோ இரண்டு பேர். அறுபது.

அம்மா கடைசியாக வந்து நிலைப்படியில் நின்றாள். முகம் முழுக்க வெயில் விழுந்தது. வண்டியை அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், இமை அசையாமல், கண்ணை நன்றாகத் திறந்து.

கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது.